ஆளில்லாத வீடு என்று நான் சொன்ன ரயில்வே கேட் வீட்டில் இருந்த லூர்தம்மா

லூர்தம்மா இறந்துவிட்டார். இன்று காலை, பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில்.

இந்தப் பேஜைத் தொடர்பவர்களுக்கு அந்தப் பெயர் தெரியாது. ஆனால் உங்களில் நிறைய பேர் அவர் குரலைக் கேட்டிருக்கிறீர்கள்.

நாலு வருஷம் முன்பு நான் போட்ட வீடியோ ஞாபகம் இருக்கிறதா... "வில்லியனூர் பக்கம் ஆளில்லாத பேய் கேட்." கைவிடப்பட்ட ரயில் பாதைகளைத் தேடி பைக்கில் சுற்றிய காலம் அது. இந்தப் பேஜ் வளர்ந்ததே அந்த ஒரு வீடியோவில்தான்.

அது ஆளில்லாத வீடு இல்லை.

பாதையை அகலமாக்கியபோது அந்த வளைவை விட்டுவிட்டு ரயிலை நேராகத் திருப்பிவிட்டார்கள். தண்டவாளம் போய்விட்டது. கருவேல மரம் மண்டிய மண்மேடும், கேட் கீப்பர் வீடும் மட்டும் மிச்சம். கேட் கீப்பராக இருந்த அவர் புருஷன் இறந்த பிறகும் லூர்தம்மா அங்கேயேதான் இருந்தார். ஆறு கோழி, ஒரு முருங்கை மரம்.

நான் போன அன்று கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அதை எடுக்கச் சொன்னேன்.

"இன்னாத்துக்குபா? இன்னும் ஈரம் காயலியே."

"ரயில் ஹிஸ்டரி வீடியோம்மா. பழைய மாதிரி தெரியணும்."

"ரயிலப் பத்தியா? அப்ப எடுபா, எடு."

ஈரத் துணியை அப்படியே மார்போடு அள்ளிக்கொண்டு உள்ளே போனார். ஜாக்கெட்டெல்லாம் நனைந்துவிட்டது. அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு கேமராவை ஆன் செய்தேன்.

வீட்டின் முன்பக்கம் மாதா கோயில் திருவிழாவுக்காகச் சுண்ணாம்பு அடித்து, பளிச்சென்று இருந்தது. அது எனக்கு ஆகாது. பின்பக்கம் போய் விரிசல் விட்ட சுவரை எடுத்தேன்.

திரும்பி வந்தபோது பாலிதீன் கவரில் இருந்து எதையோ பிரித்துக்கொண்டிருந்தார். புருஷனுடைய கொடிகள். ஒரு பச்சை, ஒரு சிவப்பு. துவைத்து மடித்து வைத்திருந்தார்.

"அவருக்கு ஜொரம் வந்தா நான்தான் நிப்பேன். பச்சக் கொடி காட்டுவேன். டிரைவருங்க கையாட்டிட்டுப் போவாங்க. இதயும் எடுத்துக்கோபா."

பேட்டரி இல்லை என்று சொன்னேன். பேட்டரி இருந்தது. கொடியைக் காட்டினால் ஆள் இருப்பது தெரிந்துவிடுமே...

எடிட் பண்ணும்போது ஒரு இடத்தில் தூரத்தில் அவர் குரல் விழுந்திருந்தது. வெட்டியிருக்கலாம். நான் அதற்கு எக்கோ போட்டேன்.

"அந்த லேடி வாய்ஸ் கேட்டுச்சா ப்ரோ, அல்லு விட்டுச்சு" என்று ஒருத்தர் கமெண்ட் போட்டார். அதை எல்லாவற்றுக்கும் மேலே பின் பண்ணி வைத்தேன். சிரிப்பு எமோஜி வேறு.

அப்புறம் பைக்கில் கூட்டம் கூட்டமாகப் பையன்கள் போக ஆரம்பித்தார்கள். பேய் பார்க்க. கூரை ஓட்டின் மேல் கல் விட்டார்கள்.

கிளம்பும்போது நான் கொடுத்திருந்த நம்பருக்கு லூர்தம்மா ஒரே ஒரு தடவை போன் செய்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது பதிலுக்குப் பேசித் தப்பித்திருப்பேன்.

"தம்பி, உன் வீடியோவப் பாத்துட்டுதான் வர்றாங்களாம். கோழியெல்லாம் மெரண்டு ஓடுது. 'அந்த வூட்ல ஒரு பொம்பள இருக்குது'ன்னு ஒரு வார்த்த போட்டுடேன்பா. வேற ஒண்ணும் வேணாம்."

"சரிம்மா, போட்டுடறேன்" என்றேன்.

போடவில்லை. வியூஸ் ஏறிக்கொண்டிருந்த நேரம். நாளைக்குப் போடலாம், இந்த வாரம் போகட்டும்... இப்படியே போய்விட்டது. இரண்டு மாதம் கழித்து அவர் வீட்டைப் பூட்டிவிட்டு கிருமாம்பாக்கத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அதன் பிறகு அது நிஜமாகவே ஆளில்லாத வீடானது. நான் இன்னொரு தடவை போய் 'பார்ட் டூ' எடுத்தேன்.

ஆமாம். எடுத்தேன். எழுதவே கூசுகிறது.

இன்று மத்தியானம் அவர் மகள் ரோசி வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். சாவுச் செய்தி சொல்லிவிட்டு,

"அண்ணா... அம்மா கொரலு எங்ககிட்ட எதுலயும் இல்ல. போட்டோதான் இருக்குது. உங்க வீடியோவுல பேய் கொரல்னு சொன்னாங்களே, அது எங்கம்மாதான். அந்த எக்கோ இல்லாம இருந்தா அனுப்புவீங்களா?"

ரோசிக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும்.

பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடி எடுத்தேன். அந்த ஒரிஜினலை நான் முழுசாகக் கேட்டதே இல்லை. இன்றுதான் கேட்டேன்.

"தம்பீ... டீ ஆறுது பாரு. அந்தப் பக்கம் பாம்பு இருக்கும், பாத்து வாப்பா."

அவ்வளவுதான். அனுப்பினேன்.

இரண்டு நீல டிக் விழுந்தது. அப்புறம் ரோசியிடமிருந்து ஒரு வரி. "அம்மா யாரக் கூப்புடுதுண்ணா?"

என்னைத்தான் என்று டைப் பண்ணி அனுப்பினேன்.

அதற்கு அவர், "நாளைக்கு நாலு மணிக்கு எடுக்கறோம். வாங்கண்ணா" என்றார்.

இரண்டு வீடியோவையும் பேஜிலிருந்து நீக்கிவிட்டேன். யாரும் இன்பாக்ஸில் லிங்க் கேட்காதீர்கள்.

லூர்தம்மா, நீங்கள் போடச் சொன்ன ஒரு வார்த்தையை இப்போது போடுகிறேன்...

அந்த வீட்டில் ஒரு பெண் இருந்தார்.

போய் வாங்கம்மா.