நான்காவது டிஸ்க்

பாவாடையைப் பற்றி எழுத இந்த ஊரில் என்னைவிட அருகதை இல்லாதவன் கிடையாது. ஆனாலும் நான்தான் எழுத வேண்டியிருக்கிறது. மற்றவர்களுக்கு அவரைப் பற்றித் தெரிந்ததில் பாதி நான் கட்டிவிட்ட கதை.

அவருக்குச் சொந்த ஊர் நல்லூர். குலசாமி பாவாடைராயன் பெயரை வீட்டில் வைத்துவிட, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அந்தப் பெயரைச் சொல்லியே அவரை ஓட ஓட விரட்டினார்கள். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டார். பெயரால்தான் படிப்பு போச்சு என்று யாராவது பரிதாபப்பட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார். "எனக்குப் படிப்பு ஏறலப்பா, சாமி பேரு மேல எதுக்குப் பழி போடுற" என்பார். பதினெட்டு வயதில் விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டைக்கு மண் சுமக்க வந்தவர், பீங்கான் பியூஸ் கட்டைகளை அழுத்தி எடுக்கிற இரும்பு அச்சுகளைக் கடையும் லேத்தில் நின்று நின்று வேலை கற்றுக்கொண்டார். நாற்பது வயதில் தொழிற்பேட்டையின் பின்பக்கமே சொந்தமாக லேத்துப் பட்டறை போட்டார். காலையில் பார்த்தால் மேலெல்லாம் வெள்ளை மண், சாயங்காலம் பார்த்தால் கறுப்பு எண்ணெய். சிரித்தால் மட்டும் இது பாவாடை என்று தெரியும்.

பீங்கான் வேலையிலிருந்து அவரோடு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டு வந்தது. சூளைக்குப் போகும் முன் கீறல் விட்ட பொருளைக் கண்டால் அதன்மேல் வெள்ளை மண் குழம்பில் விரலைத் தோய்த்து ஒரு பெருக்கல் குறி போட்டு ஒதுக்கிவிடுவார்கள். பாவாடை அதையே இரும்புக்கும் செய்தார். இனி உதவாது என்று அவர் முடிவு கட்டிய பிரேக் டிரம்மோ டிஸ்க்கோ, எதுவானாலும் வெள்ளைப் பெருக்கல்தான். அப்புறம் அந்த ஆண்டவனே வந்து கேட்டாலும் கடைய மாட்டார்.

ஜங்ஷன் ரோட்டில் கார் பட்டறை வைத்திருந்த எனக்கு இது பெரிய தலைவலி. ஒருமுறை என் கஸ்டமரை வைத்துக்கொண்டே ஒரு வேன் டிரம்மில் பெருக்கல் போட்டு, "இத மாட்டி ஓட்டுனா ஆளு போயிடும் ஆனந்து" என்றார். எட்டு மாதம் ஓடும் என்று நான் அப்போதுதான் அந்த ஆளிடம் அளந்துவிட்டிருந்தேன். மூக்கறுபட்ட மாதிரி ஆகிவிட்டது. வெளியே சிரித்தேன். உள்ளே வைத்துக்கொண்டேன்.

2004ஆம் வருஷம் மங்கலம்பேட்டை இதாயத்துல்லா பாய் ஒரு பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார். இரண்டே கதவு, சிவப்பு நிறம், சுவிட்சைப் போட்டால் தவளை கண் திறப்பதுபோல் விளக்கு மேலே எழும்பும். துபாயிலிருந்து லீவில் வந்தவர் சென்னையில் ஆசைப்பட்டு வாங்கியிருந்தார். பிரேக் போட்டால் ஸ்டியரிங் உதறியது. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். பிரேக் பேடு தேய்ந்து தீர்ந்து, இரும்போடு இரும்பு உரசி, முன்பக்க டிஸ்க் இரண்டும் உழுத நிலம் மாதிரி இருந்தன.

பாய் சொல்லி அவர் தம்பி துபாயிலிருந்து இரண்டு புது டிஸ்க் அனுப்பிவைத்தார். நடு ஓட்டை மட்டும் அரை மில்லி இறுக்கமாக இருந்தது. அதைக் கடைந்து வாங்க பாவாடையிடம் போனபோது, பழைய டிஸ்க் இரண்டையும் சேர்த்தே எடுத்துப்போனேன். லேசாகக் கடைந்து ஸ்பேராக வைத்துக்கொள்ளலாம் என்று பாய்க்கு யோசனை சொன்ன மேதாவி நான்தான்.

மறுநாள் நான்கையும் ஒரே சாக்கில் போட்டுக் கொடுத்தார். பழையவை இரண்டும் கடைந்ததில் புதுசு மாதிரியே மின்னின. ஆனால் மேலே வெள்ளைப் பெருக்கல்.

"கடைஞ்சி அளந்தேன், பதினஞ்சரை மில்லிதான் நிக்குது. பதினாறுக்குக் கீழ போவக் கூடாதுன்னு ஓரத்துலயே அடிச்சிருக்கான். பெருக்கல் போட்டது ரெண்டும் கழிவு. மாட்டிடாத தம்பி" என்றார்.

"தெரியும்ண்ணே" என்றேன். எல்லாம் தெரிந்தவன் அல்லவா.

பாய் அன்றைக்கே வண்டி வேண்டுமென்று பட்டறையில் உட்கார்ந்திருந்தார். அவசரத்தில் நான்கு டிஸ்க்கையும் பெட்ரோல் தட்டில் கொட்டிப் பிரஷ் போட்டுக் கழுவினேன். பெட்ரோல் பால் மாதிரி வெளுத்தது என் கண்ணில் பட்டது. புத்தியில் படவில்லை. நான்கையும் துடைத்து வைத்தபோது பெருக்கல் குறி எதிலும் இல்லை. கனம் அளக்கிற வெர்னியரை எடுத்து அளந்திருந்தால் ஒரு நிமிஷ வேலை. பாய் முன்னால் அளந்தால் எனக்கே எது புதுசு என்று தெரியவில்லை என்பது தெரிந்துவிடுமே என்று, கையில் தூக்கிப் பார்த்தே இரண்டை எடுத்து மாட்டினேன். மீதி இருந்த இரண்டில் ஒன்றை, பக்கத்தில் நின்ற அம்பாசிடரைத் தூக்கி நிறுத்தியிருந்த ஸ்டாண்டு மண்ணில் இறங்குகிறதே என்று அதன் அடியில் முட்டுக் கொடுத்தேன். கழிவு டிஸ்க்குக்கு எல்லாப் பட்டறையிலும் இதுதான் உத்தியோகம். கொடுத்த அடுத்த நிமிஷமே அதை மறந்தும் போனேன்.

மங்கலம்பேட்டை ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். பிரேக்கை மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுத்தது, ஸ்டியரிங் முன்னைவிட மோசமாக உதறியது. திரும்பி வந்து கழற்றி அளந்தேன். வலது பக்கம் பதினைந்தரை. இடது பக்கம் பதினெட்டு. மாட்டாமல் சாக்கின்மேல் கிடந்ததும் பதினைந்தரை.

"என்னா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே பாய் குனிந்தார்.

அந்த ஒரு மூச்சு நேரம்தான். தப்பு செய்துவிட்டேன், தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது வேறு.

"மூணுதான் வந்திருக்குது பாய். புதுசுல ஒண்ண பாவாடை அமுக்கிட்டாரு."

"அவரா? இருக்காதேப்பா" என்றார் பாய். அவர் நம்பாததுதான் என்னை இன்னும் ஏற்றிவிட்டது. நேரே லேத்துப் பட்டறைக்குப் போய் நாலு பேர் முன்னால் கேட்டேன். பாவாடை மிஷினை நிறுத்திவிட்டு, "நாலு குடுத்தேன் தம்பி. பட்டறைக்குப் போயி நல்லா தேடு" என்றார். அவ்வளவுதான். கத்தவில்லை. குற்றமுள்ளவன்தான் கத்தாமல் இருப்பான் என்று நான் கண்டுபிடித்தேன். இந்த ஜில்லாவில் அந்த டிஸ்க் பொருந்துகிற வேறு கார் ஒன்றுகூடக் கிடையாது. திருடி யாருக்கு விற்பார்? சின்னப் பிள்ளைக்கும் தோன்றுகிற கேள்வி. எனக்குத் தோன்றவில்லை, தோன்ற விடவில்லை.

எங்கள் ஊரில் இதற்குப் போலீஸுக்குப் போக மாட்டோம். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவோம். யார் மேல் குறையோ அவர் பெயர், ஊர், செய்த குற்றம் எல்லாம் தாளில் எழுதி, சாமி காலடியில் வைத்து வாங்கி, முனியப்பர் வேலில் கட்டிவிட்டு வர வேண்டும். மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு. நான் கட்டினேன். கட்டியதோடு விடாமல் டீக்கடை டீக்கடையாகச் சொல்லவும் செய்தேன்.

போலீஸ் கேஸ் என்றால் பொய்க் கேஸ் என்று சொல்ல நாலு பேர் இருப்பார்கள். பிராது என்றால் அப்படி இல்லை. பொய்யாகக் கட்டினால் கட்டியவனையே திருப்பி அடிக்கும் என்று பயம். அதனால் துணிந்து கட்டியவன் சொல்வது நிஜமாகத்தான் இருக்கும் என்று ஊர் எடுத்துக்கொண்டது. தொழிற்பேட்டையிலிருந்து பாவாடைக்கு அச்சு வருவது ஒவ்வொன்றாக நின்றது. இரண்டாவது மாதம் அவர் லேத்தை மூடிவிட்டு, சேத்தியாத்தோப்பு பக்கம் ஒரு தகரப் பட்டறையில் தகடு வெட்டுகிற பிரஸ் மிஷின் ஓட்டப் போனார். பழக்கமில்லாத மிஷின். பத்தாம் நாள் இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

"பாத்தியா, கொளஞ்சியப்பர் உட்டாரா?" என்றது ஊர். நானும் தலையாட்டினேன். அன்றைக்கு ராத்திரி நன்றாகச் சாப்பிட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அடுத்த வாரம் அம்பாசிடர்காரர், பணம் புரளாமல் மாசக்கணக்கில் போட்டுவைத்திருந்த வண்டியை எடுக்க வந்தார். ஸ்டாண்டைத் தூக்கினேன். அடியில் எண்ணெய் ஊறிய மண்ணில் வட்டமாக ஒன்று பதிந்து கிடந்தது. ஸ்குரூ டிரைவரால் கெல்லி எடுத்துத் துடைத்தேன். நடு ஓட்டையில் பாவாடையின் லேத்து ஓடிய மெல்லிய வரிகள். வெர்னியரை வைத்தேன். பதினெட்டு. இன்னொரு தரம் வைத்தேன். பதினெட்டுதான்.

அம்பாசிடர்காரர் ஏதோ கேட்டார், என்ன பதில் சொன்னேன் என்று தெரியாது.

கட்டிய பிராதைத் திரும்ப வாங்குவதற்கு அங்கே ராஜினாமா என்று பெயர். மறுநாள் காலை போய் நின்றேன். காரணம் கேட்டார்கள். பின்னால் தெரிந்த முகங்கள் நாலைந்து நின்றன. "பொருள் கெடைச்சிருச்சுங்க" என்றேன். அதையே எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

நேரே பாவாடை வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி காசியம்மாள் என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டார். பாவாடை கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், கையில் கட்டு. டிஸ்க்கை அவர் முன்னால் வைத்து, நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் டிஸ்க்கை மடியில் இழுத்து, ஓட்டை விளிம்பை வலது கைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"நல்லாத்தான் கடைஞ்சிருக்கேன்" என்றார். பிறகு, "ராஜினாமா குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேண்ணே."

"என்னான்னு எழுதுன?"

"பொருள் கெடைச்சிருச்சுன்னு."

"அப்ப நான் பயந்துபோயி திருப்பிக் குடுத்துட்டேன்னு ஆயிடுச்சு" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. "வெரலு போனா போவுது தம்பி. காசியம்மா கொழாயடிக்குப் போவ முடியலங்கிறா."

காலில் விழுந்தேன். "எழுந்திரு, இங்க யாரு பாக்குறா" என்றார். அது செருப்படியைவிட நன்றாக உறைத்தது.

அடுத்த திங்கட்கிழமை மறுபடி மணவாளநல்லூர் போனேன். நல்ல கூட்டம். கோயிலில் பிராது எழுதுகிறவர் கேட்டார்.

"யாரு மேல பிராது?"

"ஆனந்தராஜ். கார் மெக்கானிக், ஜங்ஷன் ரோடு."

"கட்டுறது யாரு?"

"ஆனந்தராஜ். கார் மெக்கானிக், ஜங்ஷன் ரோடு."

அவர் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். நான் கூட்டத்தின் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லச் சொல்ல அவர் எழுதினார். புது டிஸ்க்கைக் கழிவு என்று ஸ்டாண்டுக்கு அடியில் வைத்தவன் நான். பாய் முன்னால் என் மூக்கு அறுபடக் கூடாதென்று பாவாடையைத் திருடன் என்றவன் நான். அவர் விரல் போனதைக் கேட்டுத் தலையாட்டியவனும் நான். வரிசையில் நின்ற ஒரு அம்மா, "அடப் பாவி" என்றது தெளிவாகக் கேட்டது. வேலில் கட்டிவிட்டு வந்தேன்.

கட்டுப் பிரித்த பிறகு பாவாடை லேத்தைத் திறந்தார். அச்சுகள் ஒன்றிரண்டாகத் திரும்பி வந்தன, எல்லாம் வரவில்லை. மூன்று மாதமும் நான் கையை எங்கே வைத்தாலும் பார்த்துப் பார்த்துதான் வைத்தேன். பயம் என்று ஊர் நினைத்தது. ஏதாவது ஒன்று ஆகிவிடாதா என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கெடு முடிந்த மறுநாள் ஒரு டிரம்மைத் தூக்கிக்கொண்டு அவர் பட்டறைக்குப் போனேன். இடது கையின் மூன்று விரலால் அணைத்துப் பிடித்து வாங்கி லேத்தில் ஏற்றினார். மிஷினைப் போடும் முன் என் கைகளைப் பார்த்தார்.

"பத்தும் இருக்குதா?"

"இருக்குதுண்ணே" என்றேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.