நிமிர்த்த வேண்டிய தலை

எனக்குப் பிணம் என்றால் பயம். அதைச் சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு போட்டோ ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தேனே, அதற்குத்தான் வெட்கப்பட வேண்டும். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் படம் என்று நினைத்துக்கொண்டு போனேன். செத்தவர்களையும் படம் எடுப்பார்கள் என்பது புத்தியில் ஏறவே இல்லை.

தொண்ணூறுகளின் கடைசி. கணபதி வட்டாரத்தில் லேத் பட்டறைகளுக்கு நடுவே எங்கள் ஸ்டுடியோ. முதலாளி கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் புதிதாக வாங்கிப் போட்டிருந்தார். கோணலாக விழுந்த படத்தைத் திருப்பி நேராக்குவதும், கூட்டத்திலிருந்து ஒரு முகத்தைத் தனியாக எடுப்பதும் என் வேலை.

அன்று அவர் மேட்டுப்பாளையத்துக்குக் கல்யாண வேலையாகப் போய்விட்டார். மத்தியானம் பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். மில் வேலைக்குப் போகிறவர். மறுநாள் அவருடைய அம்மாவுக்குக் கருமாதி. கும்பிட ஒரு படம் வேண்டும். அந்த அம்மா உயிரோடு இருந்தவரை கேமரா முன்னால் நின்றதே இல்லையாம். இருந்தது ஒரே படம். இறந்த அன்று, வழக்கப்படி குளிப்பாட்டி மாலை போட்டு நாற்காலியில் உட்கார வைத்து, சொந்தபந்தம் சுற்றி நின்று எடுத்தது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதை நிமிர்த்தி, அம்மாவை மட்டும் தனியாக எடுத்துத் தர வேண்டும். மூடிய கண்களை முதலாளி சாயங்காலம் வந்து பிரிண்டின் மேல் பிரஷ்ஷால் வரைந்து திறந்துவிடுவார். எங்கள் பக்கம் பல ஸ்டுடியோக்களில் நடக்கிற காரியம்தான். பஸ் ஸ்டாப் பக்கம் பூஜைச் சாமான் வாங்கிவிட்டு வருவதாகச் சொல்லி அக்கா கிளம்பினார்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. அப்போது நான் மாசமாக இருந்தேன். வயிறு இன்னும் வெளியே தெரியவில்லை, வீட்டைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. அதற்கு முந்திய கரு தங்காமல் போயிருந்தது. பக்கத்து வீதி எழவு வீட்டை நான் எட்டிப் பார்த்ததுதான் காரணம் என்று மாமியார் நம்பினார். டாக்டர் அப்படியெல்லாம் கிடையாது என்றார். டாக்டர் சொன்னதை மூளை ஏற்றுக்கொண்டது, மாமியார் சொன்னதை வயிறு ஏற்றுக்கொண்டது. இந்த முறை எதையும் பார்க்காதே என்று அவர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். நானோ ஒரு பிணத்தின் முகத்தை ஸ்கேனரில் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

படம் திரையில் மேலிருந்து கீழாக மெதுவாக வந்தது. நெற்றி தெரிந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு ஒரு யோசனை வந்தது. படத்தையே தலைகீழாகத் திருப்பினேன். தலைகீழாக இருந்தால் முகம் முகமாகத் தெரியாது. நாற்காலிக் காலின் கோட்டைப் பிடித்து முதலில் மொத்தப் படத்தையும் நேராக்கினேன். அதுவரை சமாளித்தேன். ஆனால் தலையை நிமிர்த்த, படத்தை மறுபடி நேராகத் திருப்பித்தான் ஆக வேண்டும். திருப்பினேன். மேஜையில் கிடந்த பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்து, திரையில் முகம் இருந்த இடத்தில் ஒட்டினேன்.

தலையைச் சுற்றிக் கோடு போட்டு, எத்தனை டிகிரி என்று எண்ணை அடித்து, பார்க்காமலே பட்டனைத் தட்டினேன். பத்திரிகையைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தேன். தலை நிமிரவில்லை, இன்னும் சாய்ந்து தோளிலேயே படுத்திருந்தது. திருப்ப வேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பியிருந்தேன். அந்த அம்மா தானாகவே தலையைச் சாய்த்தது போல இருந்தது. வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பட்டறைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, அது ஒன்றுதான் தைரியம்.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் அக்கா திரும்பி வந்தார். திரையைப் பார்த்து முகம் மாறிவிட்டது.

"எங்கம்மா மூஞ்சிய ஏனுங்க இப்படி மறைச்சு வெச்சிருக்கறீங்க?"

பொய் சொல்லத் தெரியவில்லை. விஷயத்தைச் சொன்னேன். முந்திய கருவையும் சொன்னேன். அவர் கையில் இருந்த பையைக் கீழே வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க அம்மணி. நான் பாத்துச் சொல்றேன்."

தப்பாகத் திருப்பியதை முதலில் ரத்து செய்தேன். பிறகு அவர் பத்திரிகையைத் தூக்கிப் பார்த்துச் சொல்லச் சொல்ல, நான் சுவரைப் பார்த்தபடி எண்ணை மாற்றினேன். கொஞ்சம் கூட்டச் சொன்னார், கொஞ்சம் குறைக்கச் சொன்னார். சும்மா சும்மா திருப்பினால் படம் மங்கிவிடும் என்று ஒவ்வொரு முறையும் பழையதற்குப் போய்விட்டுப் புதிதாகத் திருப்பினேன். கடைசியில் சரியாக வந்துவிட்டது என்றார். அவர் குரல் உடைந்ததிலிருந்தே தெரிந்தது.

ஆனால் இன்னொன்று பாக்கி இருந்தது. கன்னத்தில் விரல்கள் இருக்கின்றன, அவையும் கூடவே திரும்பிவிட்டன என்றார். படம் எடுக்கும்போது தலை நிற்கவில்லையாம். அவரே நாற்காலிக்குப் பின்னால் குனிந்து ஒளிந்துகொண்டு, கையை நீட்டி அம்மாவின் கன்னத்தைத் தாங்கிப் பிடித்திருக்கிறார். அவருடைய விரல்கள்தான் அவை. அதை அழித்துவிட்டுக் கன்னத்தை ஒட்டுப்போட வேண்டும். பார்க்காமல் அந்த வேலையைச் செய்ய முடியாது. பார்த்துத்தான் செய்ய வேண்டும் என்று சொல்லவும் எனக்குப் பயமாக இருந்தது.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"விரல எடுத்துப்போட்டா தலை சாஞ்சுக்காதுங்களா?"

கேட்ட பிறகு அவருக்கே புரிந்திருக்கும். தலை குனிந்துகொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"சாயாதுங்கக்கா" என்றேன். பத்திரிகையை நானே பிய்த்தேன்.

முகத்தைப் பார்த்தேன். பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். பக்கத்துக் கன்னத்தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஒவ்வொரு விரலாக மூடினேன். சுண்டுவிரல் மட்டும் மிச்சம் இருந்தபோது அக்கா கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரி எடுங்க என்றார். எடுத்தேன். தலை நேராக நின்றது.

மாமியாரிடம் மூச்சு விடவில்லை. பிரசவம் வரை ஒவ்வொரு நாளும் பயந்துதான் கழிந்தது. குழந்தை அசையாத வேளையெல்லாம் அந்த முகம் வந்து நின்றது.

மகள் பிறந்தாள். பழுதில்லாமல் பிறந்தாள். தலை நிற்காத அந்த மாதங்களில், தூக்கும்போதெல்லாம் பிடரியில் கை கொடுத்து, விரல்கள் கன்னம் வரை வர ஏந்திக்கொண்டிருந்தேன். ஒருநாள் மாமியார் பார்த்துவிட்டு, பிள்ளைக்குத் தலை நின்றுவிட்டது, கையை எடு என்றார். எனக்கு எடுக்க வரவில்லை.

"எடுத்தா சாஞ்சுக்காதுங்களா அத்தை?" என்று கேட்டேன்.