ஜன்னலோரம் வைத்த பன்னிரண்டு கண்ணாடிகள்

தில்லியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அளவீட்டுப் பிரிவில் இருந்தேன். ஒளியை உறிஞ்சி மின்சாரம் தரும் ஒருவகை பாலிமரைக் கரைத்து, கண்ணாடித் துண்டின் மேல் மெல்லிய படலமாகப் பூசி, சூரிய மின்கலம் செய்துகொண்டிருந்தோம். செய்பவர் திருநெல்வேலிக்காரப் பெண். ஒப்பந்த வேலை. திங்கட்கிழமை வரும் ஆய்வுக் குழுவுக்குத் திருப்தியானால்தான் திட்டமும் அவர் வேலையும் நீளும்.

நல்ல கலங்கள் பன்னிரண்டு தேறின. அலுமினியத் தாளில் சுற்றி, மேலே பேனாவால் கிறுக்கி, ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தார். அந்தக் கிறுக்கல் எனக்குப் பொறுக்கவில்லை. வெள்ளி மாலை அவர் கிளம்பிய பிறகு தாள்களைப் பிரித்தேன். தேதி வரிசையில் தட்டில் அடுக்கி, தட்டச்சிட்ட சீட்டு ஒட்டி, குழு உட்காரும் ஜன்னலோர மேசையில் வைத்து, அறையைப் பூட்டிவிட்டுப் போனேன். அந்தப் படலத்துக்குக் காற்றும் வெளிச்சமும் சேர்ந்தால் ஆகாது என்பது எனக்குத் தெரியாததல்ல. ஒழுங்குபடுத்தும்போது அது நினைவுக்கு வரவில்லை. சனியும் ஞாயிறும் நல்ல மார்ச் வெயில்.

திங்கள் காலை பியூன் தட்டை எட்டிப் பார்த்தார். "சாப், யே காலி ஹை? தூக்கிடவா?" பாதி இந்தி, பாதி பத்து வருடத்தில் எங்களிடம் கற்ற தமிழ்.

செம்மஞ்சளாக இருந்தவை வெறும் கண்ணாடிபோல் வெளுத்திருந்தன.

கலம் செய்த பெண் வந்து ஒவ்வொன்றாக விளக்கில் தூக்கிப் பார்த்தார். "சார், யாரு இத வெளிய எடுத்தது?"

"நான்தாம்மா. சீட்டு ஒட்ட..."

"சீட்டு நல்லாத்தான் ஒட்டியிருக்கீங்க."

குழுவின் முன் அளந்தேன். பழைய அளவில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. தவறு என்னுடையது என்று சொன்னேன். தலைவர் பொறுமையாகக் கேட்டார்: இரண்டு நாள் ஜன்னலைத் தாங்காதது கூரை மேல் எத்தனை நாள் தாங்கும்? காற்றுப் புகாமல் மூடுவது அடுத்த கட்டம் என்று அந்தப் பெண் விளக்கினார். குறித்துக்கொண்டார்கள். திட்டம் நீளவில்லை.

தன் வேலையின் கடைசி நாளில் சாவிகளை ஒப்படைக்க வந்தவர் என் பதிவேட்டைப் புரட்டினார்.

"'தாள் பிரித்தது: வெள்ளி, மாலை 5.10. பிரித்தவர்: நான்.' இதயும் எழுதிட்டீங்களா சார்?"

"எழுதணுமே."

"நீங்க எடுக்கலன்னாலும் எத்தன நாள் தாங்கும்னு கேட்டிருப்பாங்க சார்."

இருக்கலாம். ஆனால் பதில் சொல்ல அவர் கையில் பன்னிரண்டு கலம் இருந்திருக்கும். சாவிகளை எண்ணி வாங்கி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.