நோட்டு ஓரத்துக் கேள்விக்குறி

காலை ஆறு மணிக்கு வேலூரில் திருவண்ணாமலை பஸ் ஏறினோம். எண்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அப்போது டிக்கெட் ஏழு ரூபாய். உட்கார்ந்ததும் என் கணவர் சட்டைப் பையிலிருந்து நோட்டையும் பென்சிலையும் எடுத்தார்.

"ரெண்டு இட்லி, சர்க்கரை. சரியா?"

"சரிங்க."

எனக்குக் கோதுமை ஆகாது. குடல் ஏற்கவில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரவை, மைதா, பார்லி எதுவும் கூடாது. தின்பதையும் வயிறு படும் பாட்டையும் தினமும் எழுதி வாருங்கள் என்றார். ஆறு மாதமாக நான் சாப்பிடுகிறேன், இவர் எழுதுகிறார். உடம்பு கொஞ்சம் தேறியது. ஆனாலும் அவ்வப்போது வலி வரும். அந்த நாட்களின் ஓரத்தில் மட்டும் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டிருப்பார். நான் திருட்டுத்தனமாக பிஸ்கட் தின்றிருப்பேனோ என்ற சந்தேகம். வாய்விட்டுக் கேட்டிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருப்பேன். வயிற்று வலியை விட அந்தக் கேள்விக்குறிதான் எனக்கு அதிகம் வலித்தது.

போளூர் தாண்டியதும் மலை தெரிந்தது. எட்டரைக்கு இறங்கி, கூட்டமில்லாமல் தரிசனம் செய்தோம். உடம்பு தேறணும் என்று வேண்டிக்கொள்ளத்தான் வந்தேன். சந்நிதியில் நின்றபோது, இவர் என்னை நம்பணும் என்றுதான் வாயில் வந்தது.

பன்னிரண்டு மணிக்குத் தேரடித் தெரு பக்கம் ஒரு மெஸ்ஸில் சாப்பாடு. பரிமாறிய அம்மாளிடம் சாம்பாரில் என்னென்ன என்று விசாரித்து இவர் எழுத ஆரம்பித்ததும் அந்த அம்மாள் மிரண்டுபோனார்.

"இன்னா சார், எழுதிக்கினே இருக்கீங்க? முனிசிபாலிட்டியா?"

"இல்லம்மா, இவங்க வயித்துக்காக."

நம்பவில்லை போலும். எங்கள் இலைகளுக்கு மட்டும் நெய் ஜாஸ்தியாக விழுந்தது.

இரண்டரை மணிக்குக் கோயில் வாசல் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தபோது வலி பிடித்துக்கொண்டது. அரிசிச் சோறும் சாம்பாரும்தான் சாப்பிட்டிருந்தேன். இவர் பக்கத்திலேயே இருந்து ஒவ்வொரு கவளத்தையும் பார்த்தவர். பென்சிலை எடுத்தார்; கேள்விக்குறி போடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெந்நீர் கேட்டு மெஸ்ஸுக்கே திரும்பினோம். அந்த அம்மாள் பதறிப்போய் மோர் கொண்டுவந்தார்.

"பெருங்காயம் தூக்கலா போட்டுக் கரைச்சிருக்கேன். குடிம்மா, உடனே கேட்கும்."

வீட்டிலும் எனக்கு அதே வைத்தியம்தான். டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனேன்.

"இரு, எழுதிக்கறேன். எந்தப் பெருங்காயம்மா?"

அந்த அம்மாள் மஞ்சள் டப்பாவைக் காட்டினார். எங்கள் வீட்டில் இருப்பதும் அதே டப்பாதான். இவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருந்ததை மெதுவாகப் படித்தார்: "பெருங்காயம், பிசின், கோதுமை மாவு."

டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். மத்தியானச் சாம்பாரிலும் இதுதான் விழுந்திருக்கிறது. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. வலித்தால் பெருங்காய மோர்; அதைக் குடித்தால் மறுநாளும் வலி.

"ஐயோ, தெரியாதேம்மா!" என்று அந்த அம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"எங்களுக்கே தெரியலீங்க" என்றேன். வலியோடு வலியாகச் சிரிப்பு வந்தது.

நாலு மணி பஸ். ஏறுவதற்கு முன் இவர் ஓடிப்போய் ஒரு பொட்டலம் வேகவைத்த மல்லாட்டை வாங்கிவந்தார். வேர்க்கடலைக்கு இந்தப் பக்கத்துப் பெயர் அது. கூடவே ஒரு ரப்பரும் வாங்கியிருந்தார்.

வண்டி நகர்ந்ததும் நோட்டை முதல் பக்கத்திலிருந்து திறந்தார். ஒவ்வொரு கேள்விக்குறியாகத் தேடி அழித்தார். குலுங்குகிற பஸ்ஸில் ஒரு பக்கம் கிழிந்தே போயிற்று.

"விடுங்க, வீட்டுக்குப் போய் பாத்துக்கலாம்."

"இல்ல. நீ இதையெல்லாம் பாத்தியா?"

"எல்லாத்தையும் பாத்தேன்."

அவர் இன்னும் அழுத்தித் தேய்த்தார். ரப்பர் தூள் முழுக்க என் மடியில் விழுந்தது. வேலூர் வந்து சேரும்வரை நான் அதைத் தட்டிவிடவில்லை.