பென்சில் டப்பாவில் ஒரு துணிக்கொடி

மருமகள் நகப்பூச்சை அழிக்கும்போது எழுகிற நெடி, திண்டுக்கல் செம்பட்டி ரோட்டில் அப்பா நடத்திய டூரிங் கொட்டகையில் பிலிம் ஒட்டும் பசையின் நெடியேதான். அது மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஜப்பான் படம் என்றால் கத்திச்சண்டை இருக்கும் என்று நம்பி அப்பா ஒரு படப்பெட்டியை எடுத்து வந்தார். அதிலோ அடுப்பில் சிவப்புக் கெட்டில், கொடியில் காயும் துணி, தூரத்தில் போகும் ரயில் என்று ஆளே இல்லாத காட்சிகள் திரும்பத் திரும்ப வந்தன. மணல் தரையிலிருந்து விசில் பறந்தது.

"ஏலே, ஆளில்லாத எடத்தையெல்லாம் வெட்டி எறிடா! சனம் துணி காயிறதயா பாக்க வந்துச்சு?" என்று ஆபரேட்டரிடம் கத்தினார் அப்பா.

அடுத்தவன் எடுத்த படத்தில் கத்தரி வைக்க இவர் யார்? வெட்டிய துண்டுகளை என் பென்சில் டப்பாவில் சேர்த்து, வெயிலில் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன்.

போன வாரம்தான் அந்தப் படத்தை முழுதாகப் பார்த்தேன். அதில் அம்மா சாகிறாள். உடனே அந்தக் கொடி வருகிறது. அவள் துவைத்த துணி ஈரமாக ஆடிக்கொண்டே இருக்கிறது, வெகுநேரம். வெட்டிய மறுநாள் ஆட்டத்திலோ, அவள் மூச்சு நின்றதுமே மகன் சோறு தின்றான். கொட்டகையே கைகொட்டிச் சிரித்தது.

நானும்தான் சிரித்தேன், அந்தக் கொடியை மடியில் வைத்துக்கொண்டு.