நிழலில் வைத்த குரோட்டன்ஸ்

விரிசல் விட்ட வாஷ்பேசின் ஒன்றை மொபெட்டின் முன்பக்கம் நிறுத்தி, இரண்டு முழங்காலாலும் அதை அணைத்துப் பிடித்தபடி மாமா எங்கள் தெருவுக்குள் வந்த காலை நன்றாக நினைவிருக்கிறது. மாமா என்றால் என் கணவரின் அண்ணன். ஒரே மதிலுக்குள் முன்வீட்டில் அவரும் அவர் மனைவியும், பின்வீட்டில் நாங்கள். அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மாமாவுக்கு செராமிக் கம்பெனியில் சூளை வேலை. தேறாத பேசின்களை அங்கே சுவரோரம் குவித்து வைத்திருப்பார்கள், கேட்டால் கொடுத்துவிடுவார்கள். தண்ணீர் வடிய ஓட்டை ஏற்கெனவே இருப்பதால் விருத்தாசலத்தில் நிறைய வீடுகளில் செடி வளர்வது இதில்தான். அன்று பேசினுக்குள் ஈரச்சாக்கில் சுற்றிய ஒரு குரோட்டன்ஸ் கன்று இருந்தது. எதற்கு என்று கேட்டேன். "உங்கக்காவுக்கும்மா" என்று சொல்லிவிட்டு வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்.

எனக்குக் குரோட்டன்ஸ் என்றாலே ஆகாது. அது பூத்தாலும் யார் கண்ணிலும் படாது, காய்த்தாலும் குழம்புக்கு ஆகாது. கொசு அடைவதற்கு ஒரு இடம், அவ்வளவுதான். கத்திரிச் செடி வைத்தாலாவது பிரயோஜனம் உண்டு என்று முணுமுணுத்துக்கொண்டே குடத்தைத் தூக்கினேன். அக்காவுக்கு எதற்கு இந்தச் செடி என்று தெரிந்த பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

அக்காவும் அதே கம்பெனியில்தான் இருந்தாள். பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டும் வேலை. அந்த வர்ணம் தீட்டும்போது எல்லாம் சாம்பல் பூத்தாற்போல ஒரே மாதிரி இருக்கும், எது எந்த நிறம் என்று பாட்டிலைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும், சூளையில் வெந்து வெளியே வந்த பிறகுதான் நிறம் தெரியும் என்பாள். ஒருநாள் மாமா சூளையைத் திறந்தபோது, ஒரு தட்டு முழுக்கக் கிருஷ்ணர்கள் இலைப் பச்சையில் நின்றார்கள். யாரும் பார்ப்பதற்குள் அத்தனையையும் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து அக்கா முன்னால் வைத்தார். அவள் வெகுநேரம் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நீலமாத்தானங்க இருக்குது" என்றாள். பிறகுதான், பாட்டில் மூடியில் எழுதியிருந்ததைக்கூட இப்போதெல்லாம் சரியாகப் படிக்க முடியவில்லை என்று அழுதாள்.

பாண்டிச்சேரிக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். சொட்டு மருந்து விட்டு, இருட்டறையில் உட்காரவைத்து, என்னென்னவோ எந்திரத்தில் பார்த்தார்கள். நோயின் பெயர் என் வாயில் நுழையவில்லை. வெயில் கூசும், நிறம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், அப்புறம் நடுப்பார்வை மங்கும், இதற்கு இப்போதைக்கு மருந்தில்லை என்று அந்த டாக்டரம்மா தணிந்த குரலில் சொன்னார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமா, நெய்வேலி தாண்டிய பிறகுதான் என் கணவரிடம், "நெறத்தப் பாத்துக்கினே இருந்தா நெறம் எப்பிடிடா போவும்? பாக்காம வுட்டாத்தான் போவும்" என்றார். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. அது அவராகப் பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொள்ள அவருக்கு வேறு எதுவும் இல்லை.

பூ என்றால் சாயங்காலத்துக்குள் வாடிவிடும். இலையில் நிறம் இருந்தால் வருஷம் முழுக்கப் பார்க்கலாம் என்பது அவருடைய கணக்கு. ஞாயிற்றுக்கிழமையானால் மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். கம்மாபுரம் பக்கம் நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டுக் குடும்பம் வெளியேறிய ஒரு வீட்டு வாசலில் நின்ற செடியிலிருந்து ஒடித்து வந்தார். பெண்ணாடத்தில் சொந்தக்காரர் வீட்டிலிருந்து பதியம் கொண்டுவந்தார். ரத்தச் சிவப்பு, மஞ்சள் புள்ளி, கத்திரிப்பூ நிறம், முறுக்கிய இலை, ஊசி இலை என்று பேசின்கள் வரிசையாகச் சேர்ந்தன. எல்லாவற்றையும் வடக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் வைத்தார். வெயில் பட்டால் அக்காவின் கண்ணில் நீராகக் கொட்டும். அவளால் நிற்க முடிந்த ஒரே இடம் அதுதான்.

தினமும் காலையில் ஷிப்டுக்குப் போவதற்கு முன்னால் அவள் கையைப் பிடித்து அங்கே கூட்டிக்கொண்டு போவார். ஒவ்வொரு பேசினாகக் காட்டி, "இது என்னா நெறம், சொல்லு" என்பார். அவளும் சொல்வாள். "செவப்புங்க." "மஞ்சப் புள்ளி போட்டது." "இது கத்திரிப்பூவு." முடிந்ததும் மாமா நேராக என் அடுப்படி ஜன்னலுக்கு வருவார். "இன்னிக்கும் எல்லாத்தையும் சரியா சொல்லிட்டாம்மா" என்று அவர் சொல்லும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். பரீட்சையில் பிள்ளை பாஸானதுபோல நிற்பார். பிள்ளை இல்லாத வீடு அது. எவ்வளவு வேலை இருந்தாலும் நான் ஜன்னலுக்குப் போய் "சந்தோஷம் மாமா" என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்ப்பேன்.

குருத்து பச்சையாகத்தான் வரும், போகப் போகத்தான் நிறம் ஏறும் என்று யாரோ சொல்லியிருந்தார்களாம். அதனால் புதிதாக வந்த பச்சை இலைகளை அவர் பொருட்படுத்தவில்லை. இன்னொன்றும் உண்டு. கேள்வி கேட்கும் நேரத்தில் மாமா செடியைப் பார்க்கவே மாட்டார். அவள் முகத்தையேதான் பார்த்துக்கொண்டு நிற்பார். எனக்கோ குரோட்டன்ஸைத் திரும்பிப் பார்க்கவும் பிடிக்காது.

போன பங்குனியில் ஒரு காலை. மாமாவுக்கு அன்று வார விடுமுறை. அக்கா வழக்கம்போல எல்லா நிறமும் சொல்லி முடித்திருந்தாள். அந்த நேரம் பார்த்து மூன்று சக்கர வண்டியில் ரோஜாவும் செம்பருத்தியும் விற்கிறவர் தெருவில் வந்தார். மாமா கூப்பிட, உள்ளே வந்தவர் வேப்பமரத்தடியைப் பார்த்ததும் சிரித்தார்.

"இன்னா சார், குரோட்டன்ஸப் போயி நெழல்ல வச்சிருக்கீங்க? வெயில் பட்டாத்தான சார் இதுக்குக் கலரு? எல்லாம் பச்சையடிச்சிப் போயி கெடக்குது. பேருக்கு ஒரு செவப்பு எல இல்லியே."

கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்த நான் அப்போதுதான் அந்தச் செடிகளை ஒழுங்காகப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. பழைய வண்ண இலைகள் எப்போதோ உதிர்ந்துவிட்டிருந்தன. அத்தனை பேசினிலும் மட்டமான ஒரே பச்சை. மாமா அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள். "சோத்துக்கு ஒல வெக்கணும்" என்று சொல்லிவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டே உள்ளே போனாள். அவ்வளவு நாளும் அவள் சுவரைத் தொட்டு நடந்து நான் பார்த்ததில்லை. செடிக்காரர் ஒன்றும் புரியாமல், ரோஜா வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மத்தியானம் அடுப்படியில் அவளிடம் போய் உட்கார்ந்தேன். "கேக்குறப்ப அவரு கொரலு நடுங்கும், தெரியுமா?" என்றாள். "தெரியலன்னு எப்பிடிச் சொல்றது? எது எந்த எடத்துல இருக்குதுன்னு மனப்பாடம் பண்ணிட்டேன். நானு சரியா சொன்னாத்தான் அவரு அன்னிக்கி ஒழுங்கா சாப்புடுவாரு." அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாமா அன்றே பேசின்களை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டுபோய் வாசலில், நல்ல வெயிலில் வைத்தார். கனமான பேசின்கள், இழுக்கும் சத்தம் தெருவுக்கே கேட்டது. கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்க வேண்டும் என்று என் கணவர் சொல்லிப் பார்த்தார். "அதுக்கெல்லாம் நாளு எங்கடா இருக்குது?" என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். நிழலிலேயே வளர்ந்த இலைகள் வெயிலைத் தாங்கவில்லை. வெளுத்தன, பொரிந்தன, வாரம் திரும்புவதற்குள் கொட்டிவிட்டன. அவர் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார். சாணம் கரைத்து ஊற்றினார். கோயில் விபூதியைக்கூடத் தூரில் தூவினார். ஒரு கணு துளிர்க்கவில்லை. என் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, "எனக்காவ சொல்லிக்கினு இருந்திருக்காளேம்மா" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். சூளை வெக்கையில் முப்பது வருஷம் நின்ற மனுஷன்.

அதன்பிறகு கேள்வி நின்றது. ஷிப்டுக்கு நேரத்தோடு கிளம்பிவிடுவார். அக்கா இப்போது வாசல்வரைதான் தனியாக வருகிறாள். எதிரே நிற்பது நானா என் மகளா என்று குரல் கேட்டுத்தான் சொல்கிறாள்.

இந்த மாதத் தொடக்கத்தில் ஒரு விடியலில், வெயில் ஏறுவதற்கு முன், மாமா மறுபடியும் அவள் கையைப் பிடித்து அந்தப் பேசின்களிடம் கூட்டிவந்தார். நான் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். இந்த முறை அவர் கேட்கவில்லை, அவரே சொன்னார். "இது நல்ல செவப்பா வந்துகிது. பக்கத்துல அந்த மஞ்சப் புள்ளி. என்னா நெறம் தெரியுமா..." குச்சிகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அக்கா கையை நீட்டி, நுனியிலிருந்து தூர்வரைக்கும் மெதுவாகத் தடவினாள்.

"எலையே இல்லீங்களே" என்றாள். "வுட்டுடுங்க. நானும் பொய் சொல்ல வாணாம், நீங்களும் சொல்ல வாணாம்."

மாமா அவள் கையை விடவில்லை.

"அப்ப காலையில எழுந்து நான் என்னாதான் பண்றது?" என்றார்.