கீழே பூத்த ஜிமிக்கி

மலைமேல் சித்திரபுரத்தில் மின்சார வாரியக் குடியிருப்பின் கடைசிக் கட்டடம். அதன் மாடி வீட்டுப் பால்கனியில் ஒரு பிரம்பு நாற்காலி கிடந்தது. அதில் காலை எட்டு மணிக்கு உட்கார்த்தி வைத்தால் சாயங்காலம் வரை செல்லாத்தாள் அங்கேதான் இருப்பாள். எழுபத்து மூன்றாம் வருஷம் ஆடி மழையில் மாடிப்படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு போனதிலிருந்து அவளுக்கு நடை கிடையாது. பிள்ளை குட்டியும் கிடையாது. அந்தப் பால்கனியும் புருஷன் ராக்கப்பனும்தான் அவளுக்கு எல்லாம்.

ராக்கப்பன் லைன்மேன். கம்பத்தில் உடைந்து கழற்றிப் போட்ட பீங்கான் கப்புகளை வீசாமல் வீட்டுக்குக் கொண்டுவருவார். அதில் மண் போட்டுச் செல்லாத்தாள் செடி வைப்பாள். மண்ணெண்ணெய் டின்னில் டேலியா, பால்மாவு டப்பாவில் டிசம்பர் பூ, பீங்கான் கப்புகளில் ஜிமிக்கிப் பூ. சிவப்பும் ஊதாவுமாகக் காதில் தொங்குகிற மாதிரியே தொங்கும். உண்மைப் பெயர் என்னவோ, யாருக்குத் தெரியும்! தோட்டத் துரையின் பங்களா வேலியில் ஒடித்த கொம்பு என்று ராக்கப்பன் கொடுத்தார், ஜிமிக்கி என்று இவள் பெயர் வைத்தாள், குடியிருப்பு முழுக்க அதுவே நிலைத்துவிட்டது.

நாட்காட்டி பார்க்கத் தேவையில்லை அவளுக்கு. எதிர் ரோட்டோர மரங்கள் இலையே தெரியாமல் நீலமாகப் பூத்தால் பங்குனி. மேகம் பால்கனிக்குள் நுழைந்து சேலையை ஈரமாக்கினால் ஆனி. டேலியா கருகித் தலை தொங்கினால் மார்கழிப் பனி இறங்கிவிட்டது என்று அர்த்தம், சாக்கை எடுத்து மூட வேண்டும். ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மூடுவாள். வலி உயிர் போகும். ஆனாலும் செய்வாள்.

அவள் பிறந்தது இந்தக் குளிரில் அல்ல. பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறைப் பக்கம், கரும்பும் கடலையும் விளைகிற வெயில் பூமி. அங்கே லைன் இழுக்கப் போன இடத்தில் ராக்கப்பன் அவளைப் பார்த்துவிட்டார். அவர் தேயிலைத் தோட்டத்துக் கூலிக்காரர் லயத்தில் பிறந்தவர். சாதி வேறு, பேச்சு வேறு. கல்யாணம் ஆன அன்றைக்கு அண்ணன்மார் உறவை முறித்ததுதான், பதினெட்டு வருஷமாக ஒரு கடுதாசி இல்லை. வெயிலில் வளர்ந்தவளைக் கூட்டிவந்து இந்த மழைக்குள் போட்டு, காலையும் உடைத்து வைத்துவிட்டோமே என்று அந்த மனுஷன் உள்ளுக்குள்ளேயே புழுங்கினார். வாய் விட்டுச் சொல்கிற ஆள் இல்லை.

எழுபத்தைந்தில் ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு நாள், கீழ்வீட்டுச் சாந்தம்மாள் முற்றத்திலிருந்து குரல் கொடுத்தாள். "மதினி! நீங்க ஒடிச்சுப் போட்ட ஜிமிக்கிக் கொம்பு இங்கன செவரோரமா வேர் புடிச்சிருக்கு. எம் இடுப்பு உசரத்துக்கு வந்துருச்சு. என்னா பூவுங்கிறீங்க! மரமா, செடியான்னு தெரியல!"

செல்லாத்தாளுக்குக் கை கால் ஓடவில்லை. ஓட எங்கே கால்! எட்டிப் பார்க்கவும் முடியாது. செடி சரியாகப் பால்கனிக்கு அடியில் நின்றது. மேலே பீங்கான் கப்பில் சாண் உயரத்துக்கு மேல் வளராத செடி, தரையில் விழுந்து தானாகப் பிழைத்து இடுப்புயரம் நிற்கிறது. அதைப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு அவள் நினைப்பு அந்த ஒன்றில்தான் போய் நின்றது.

ராத்திரிச் சாப்பாட்டின்போது மெல்லக் கேட்டாள். "ஏனுங்க, என்னைய ஒருக்கா கீழ கூட்டீட்டுப் போறீங்களா?"

ஒரு செடியைப் பார்க்க ஆளைச் சுமக்கச் சொல்வதா என்ற கூச்சத்தில் எதற்கென்று சொல்லவில்லை. அங்கேதான் கெட்டது. மலையில் பிறந்தவர்களுக்குக் கீழே என்றால் மாடிக்குக் கீழே இல்லை. மலைக்குக் கீழே. சமவெளி. 'கீழ போயிருக்கான்' என்றால் ஊர்நாட்டுக்குப் போயிருக்கிறான் என்று அர்த்தம். பதினெட்டு வருஷத்தில் ஒரு தடவைகூடப் பிறந்த மண்ணுக்குப் போகக் கேட்காதவள் இன்றைக்குக் கேட்டுவிட்டாள் என்றே ராக்கப்பன் எடுத்துக்கொண்டார். சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார்.

"போவோம் புள்ள. ஏற்பாடு பண்ணுறேன். பொறு" என்றார்.

அவளுக்கு அத்தனை சந்தோஷம். படி குறுகல், ஆஸ்பத்திரிக்குப் போனபோதே நாற்காலியோடு தூக்க நாலு ஆள் வேண்டியிருந்தது. ஆள் சேர்க்கிறார் போலும் என்று நினைத்துக்கொண்டாள். மார்கழி போனது, தை போனது. "என்னாச்சுங்க?" என்பாள். "எழுதிக் குடுத்திருக்கேன், வந்துரும்" என்பார். வாரியக் கட்டடத்தில் ஆணி அடிக்கக்கூட எழுதிக் கொடுக்கவேண்டும், ஆள் தூக்கவும் எழுத வேண்டியிருக்கும் என்று அதையும் நம்பினாள். அவள் முகத்துச் சிரிப்பைப் பார்த்து அவரும் நாம் செய்வது சரிதான் என்று இருந்துவிட்டார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கூடுதலாக யாராவது பேசித் தொலைத்திருக்கக் கூடாதா?

பங்குனியில் எதிர் மரங்கள் நீலமாக நின்ற சாயங்காலம், ராக்கப்பன் கையில் காகிதத்தோடு படியேறி வந்தார். மூச்சு வாங்கியது.

"செல்லா, வந்துருச்சு. பாலக்காட்டுக்கு மாத்தல். கல்பாத்திப் பக்கமே வீடு, தரையோட. படியே கெடையாது."

"யாருங்க மாத்துனாங்க?"

"நாந்தான் எழுதிக் குடுத்தேன். நீதான கேட்ட, கீழ கூட்டிட்டுப் போங்கன்னு."

அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மாற்றல் வேண்டாம் என்று மறுபடி எழுதிக் கொடுங்கள் என்று வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் அவரே சொன்னார், தன் இடத்துக்கு யாக்கோபு என்பவரைப் போட்டாகிவிட்டது, ஒன்றாம் தேதி இந்த வீட்டுக்குக் குடி வருகிறார் என்று. சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பூரிப்பை அவள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. பாலக்காட்டு வெயிலில் நாலு நாள் இருந்தால் உடம்பெல்லாம் கொப்புளம் போடும் மனுஷன், அவளுக்காகப் பிறந்த மலையை விட்டு இறங்கத் துணிந்திருக்கிறார். அவரிடம் போய் எதைச் சொல்வது!

"நல்லதுங்க" என்றாள்.

அதற்கப்புறம் பத்து நாளும் அவள் பால்கனியில் உட்கார்ந்து அழுதாள். அண்ணன்மாரை நினைத்து அழுகிறாள் என்று அவர் நினைத்தார். செடிகளை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டாள். பீங்கான் கப்புகள் மட்டும் வட்ட வட்டக் கறைமேல் வெறுமனே நின்றன.

கிளம்பும் நாள் தூறல். சாமான் லாரியில் ஏறிவிட்டது. நாலு பேர் நாற்காலியோடு அவளை இறக்கிக் கடைசிப் படியில் வைத்தார்கள். அந்தப் பக்கம் திரும்பக் கூடாது என்று வைராக்கியமாகத்தான் இருந்தாள். சாந்தம்மாள் விட்டால்தானே!

"அந்தா பாருங்க மதினி, உங்க ஜிமிக்கி! ஒருக்கா கீழ எறங்கிப் பாத்துரணும்னு அஞ்சு மாசமா எங்கிட்டப் பொலம்புனீங்களே. போற அன்னைக்காச்சும் பாத்தீங்களே."

சுவரோரம் செடி கொள்ளாமல் பூத்திருந்தது. செல்லாத்தாள் செடியைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்தாள். தோளில் கிடந்த துண்டு கீழே விழுந்தது அவருக்குத் தெரியவில்லை.

"கீழன்னது இதையா?"

"இல்லீங்க" என்றாள். கண்ணீர் நிற்கவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல புள்ள."

"எதுக்குன்னு நீங்களும் கேக்கலீங்களே."

லாரிக்காரன் ஹாரன் அடித்தான். ராக்கப்பன் சேற்றில் மண்டி போட்டு வெறும் கையால் செடியின் அடியைத் தோண்ட ஆரம்பித்தார். நகத்தில் ரத்தம் வந்தது.

"புடுங்காதீங்க" என்றாள் செல்லாத்தாள். "அந்த வெயிலு அதுக்கு ஆகாதுங்க. செத்துப் போயிரும்."

தோண்டிய கை நின்றது. அவர் நிமிர்ந்து எதிர் மலையைப் பார்த்தார்.

"நமக்கு?"

ஹாரன் மறுபடியும் அடித்தது. தோண்டிய குழியை அவரே மண் தள்ளி மூடிவிட்டு, நாற்காலியின் ஒரு பக்கத்தைப் பிடிக்க எழுந்து வந்தார்.